ஓட்ஸ் கஞ்சி ஏன் வழவழக்கிறது?

“டீச்சர், ஓட்ஸ் கோந்து மாதிரி வழவழன்னு இருக்கு. எப்படி டீச்சர் சாப்பிடுறது?”

பசியாறலைப் பற்றிப் பேச்செடுத்தாலே வகுப்பில் யாராவது இப்படிக் கேட்டுவிடுவார்கள். காலை ஏழரை மணிக்குப் பள்ளி. ஒன்றும் சாப்பிடாமல் வருகிறவர்களும் உண்டு; இனிப்பான பானம் ஒன்றைக் குடித்துவிட்டு ஓடி வருகிறவர்களும் உண்டு. ஓய்வு மணி அடிப்பதற்குள் வயிறு சத்தம் போடத் தொடங்கிவிடும். அப்போது கணிதப் பாடம் மண்டையில் ஏறுமா?

மாணவர்களே, நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் அந்த வழவழப்புதான் பசியைத் தாங்க உதவுகிறது. பாலும் சீனியும் போடாமல், உப்பும் உறைப்புமாகச் சமைத்தால் அது நம் வீட்டுக் கஞ்சியைப் போலவே தொண்டையில் இறங்கும்.

வழவழப்பு எங்கிருந்து வருகிறது?

ஓட்ஸின் எடையில் ஏறத்தாழ பாதி மாவுச்சத்து. நீரில் சூடேறும்போது, சுமார் 60 பாகை செல்சியஸில், மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. பிறகு உடைந்து குழம்பைக் கெட்டியாக்குகின்றன. அரிசிக் கஞ்சி கெட்டியாவதும் இப்படித்தான். அறிவியல் பாடத்தில் மாவுச்சத்தை மலாய்மொழியில் ‘கஞ்சி’ என்று படிக்கிறீர்கள் அல்லவா? அது நம் கஞ்சியிலிருந்து போன சொல்தான்.

ஓட்ஸில் இன்னொரு பொருளும் இருக்கிறது. அதன் பெயர் பீட்டா குளூக்கான். இது நீரில் கரையும் நார்ச்சத்து. ஓட்ஸின் எடையில் ஏறக்குறைய 4 விழுக்காடு. மாவுச்சத்தைப் போலவே இதுவும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த சங்கிலிதான். ஆனால் கோத்திருக்கும் பிணைப்பு வேறு. மாவுச்சத்தின் பிணைப்பை நம் நொதிகள் வெட்டிவிடும். பீட்டா குளூக்கானின் பிணைப்பை வெட்டும் நொதி நம் உடலில் இல்லை. ஆகவே அது சிறுகுடலிலும் வழவழப்பாகவே இருக்கிறது. உணவு இரைப்பையைவிட்டு மெதுவாக வெளியேறுகிறது; குளுக்கோஸும் மெதுவாக இரத்தத்தில் சேர்கிறது. கெட்ட கொலஸ்டிராலைக் குறைக்கவும் இது உதவும். அதற்கு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கான் தேவை என்று 1997இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வரையறுத்தது. 40 கிராம் ஓட்ஸில் அதில் பாதி கிடைத்துவிடும்.

பாட்டி சொன்னதைச் சோதிப்போம்

“எச்சில் கரண்டியைக் கஞ்சியில் போடாதே, நீர்த்துப் போகும்” என்று வீட்டில் சொல்வார்கள். உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் நொதி மாவுச்சத்தை வெட்டுவதால்தான் அப்படி ஆகிறது.

நான்கு கிண்ணங்கள் எடுங்கள். இரண்டில் கெட்டியான அரிசிக் கஞ்சி, இரண்டில் கெட்டியான ஓட்ஸ் கஞ்சி. எல்லாம் வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஒவ்வொரு வகையிலும் ஒரு கிண்ணத்தில் மட்டும் சிறிதளவு உங்கள் உமிழ்நீரைக் கலந்து, 15 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பாருங்கள். மற்ற இரண்டும் ஒப்பிடுவதற்கு. அரிசிக் கஞ்சி நன்றாக இளகிவிடும். ஓட்ஸும் இளகும், ஆனால் வழவழப்பு முழுதாகப் போகாது. மிஞ்சிய வழவழப்புக்குப் பீட்டா குளூக்கானே முக்கியக் காரணம். (சோதித்த கஞ்சியைக் கொட்டிவிடுங்கள்!)

இனி, அடுப்பைப் பற்றவைப்போம்

ஒருவருக்குத் தேவையானவை: ஓட்ஸ் 40 கிராம் (ஏறத்தாழ அரை கப்), தண்ணீர் 300 மில்லிலிட்டர், நெத்திலி ஒரு சிறு பிடி, பூண்டு இரண்டு பல், இஞ்சி ஒரு துண்டு, கீரை ஒரு பிடி, முட்டை ஒன்று, எண்ணெய், கிச்சாப் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள்.

1. நெத்திலியைக் கழுவி, ஈரம் துடைத்து, கொஞ்சம் எண்ணெயில் முறுகலாக வறுங்கள். பாதியைத் தனியே எடுத்து வையுங்கள்.

2. மீதி நெத்திலியோடு நறுக்கிய பூண்டு, இஞ்சியைச் சேர்த்து வதக்கித் தண்ணீர் ஊற்றுங்கள்.

3. கொதித்ததும் ஓட்ஸைப் போட்டு, சிறு தீயில் 5 நிமிடம் கிளறுங்கள்.

4. கீரையைச் சேர்த்து, முட்டையை உடைத்து ஊற்றி மூடிவையுங்கள். வெள்ளைக்கரு 62 பாகையளவில் உறையத் தொடங்கும்; மஞ்சள்கரு கெட்டியாக 70 பாகை வேண்டும். இரண்டும் உறைந்த பிறகே இறக்குங்கள்.

5. கிச்சாப்பும் மிளகும் சேர்த்து, எடுத்துவைத்த நெத்திலியைத் தூவுங்கள்.

முட்டையில் 6 கிராம், ஓட்ஸில் 5 கிராம் என்று இந்தக் கிண்ணத்தில் ஏறத்தாழ 11 கிராம் புரதம் இருக்கிறது. நெத்திலியின் புரதம் தனி.

நெத்திலியும் கிச்சாப்பும் ஏன்?

1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா, கொம்பு என்ற கடற்பாசியின் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அதன் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். கிச்சாப்பில் சோயாவின் புரதம் நொதித்து உடைவதால் குளுட்டமேட் நிறைய இருக்கிறது. காய்ந்த மீனில் இனோசினேட் என்ற வேறொரு பொருள் உண்டு. இரண்டும் சேரும்போது உமாமிச் சுவை பல மடங்கு பெருகும். அதனால் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. ஒரு தேக்கரண்டி கிச்சாப்பிலேயே ஏறத்தாழ 300 மில்லிகிராம் சோடியம் உண்டு. பெரியவர்களுக்கு நாள் முழுவதற்குமான வரம்பு 2,000 மில்லிகிராம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நெத்திலியிலும் உப்பு இருப்பதை மறக்க வேண்டாம். சைவர்கள் ஊறவைத்த காய்ந்த சீனக் காளானையும், முட்டைக்குப் பதில் தவுவையும் போடலாம்.

எந்த ஓட்ஸ்?

தட்டையான, முழுச் செதிலாக இருக்கும் ஓட்ஸை வாங்குங்கள். மிக நுணுக்கமாக நொறுக்கிய உடனடி ஓட்ஸில் மேற்பரப்பு அதிகம். நொதிகள் விரைவாக வேலை செய்துவிடும். சிறு பொட்டலங்களில் வரும் ஓட்ஸ் பானத்தை வாங்குமுன் பொருள் பட்டியலைப் படியுங்கள். எடை அதிகமான பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். சீனி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது?

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். மூன்று நாள் வழக்கமான பசியாறல், மூன்று நாள் இந்த ஓட்ஸ். ஒவ்வொரு நாளும் முதலில் பசித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். ஒரே நாளை வைத்து முடிவு கட்டாதீர்கள். முதல் நாள் சரியாகத் தூங்காமல் இருந்திருக்கலாம். நான் சொன்னது சரியா என்று உங்கள் குறிப்பேடே சொல்லட்டும்.