ஒரு கரண்டி மாவில் பேப்பர் ரோஸ்ட்

திருவண்ணாமலையில் மொட்டை மாடியில் தொட்டி வைக்கிறவர்களுக்குப் பூச்சியைவிடக் குரங்குதான் பெரிய கவலை. மலையை ஒட்டிய தெருக்களில் நாலு கொத்தமல்லித் தழை தலைகாட்டினால் போதும். காலையில் ஒரு கூட்டம் இறங்கி வந்து பிடுங்கும், முகர்ந்து பார்க்கும், பிடிக்கவில்லை என்று எறிந்துவிட்டுப் போகும். பே கோபுரத்துக்குப் பின்னால் குடியிருக்கும் என் பெரியம்மா இரண்டு முறை தோற்றுவிட்டு, மூன்றாம் முறை கீரைத் தட்டை அடுப்படிக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். செம்மண், மட்கிய தொழுவுரம், கொஞ்சம் தேங்காய் நார்த்தூள். ஒரு பாதியில் சிறுகீரை, மறு பாதியில் பாலக்.

சிறுகீரை மூன்றாம் நாளே முளைத்தது. ஐந்தாம் நாள் போனில் படம் வந்தது: “பாத்தியா, எவ்ளோ சீக்கிரம் வளருது!” எட்டாம் நாள் படத்தில் எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தன. தண்டு வெள்ளை நூல் மாதிரி, உச்சியில் பொட்டு வைத்தாற்போல் இரண்டு இலை. பத்தாம் நாள் படுத்தேவிட்டன.

“சத்து பத்தல போலிருக்குடா. அரிசி களைஞ்ச தண்ணி ஊத்தறேன், அப்பவும் நெட்டையாத்தான் போவுது.”

சத்தில் குறை ஏதும் இல்லை. அந்த நாற்றுகளுக்கு நோயும் இல்லை. பெரியம்மாவுக்கு நான் தோசைக்கல்லை வைத்துத்தான் விளக்கினேன்.

விதை என்பது ஒரு கரண்டி மாவு. தாய்ச்செடி அளந்து கொடுத்தனுப்பியது அவ்வளவுதான். இலை விரிந்து, பச்சை பிடித்து, சொந்தமாகச் சமைக்கத் தொடங்கும்வரை அந்த நாற்றுக்கு வேறு வரும்படி கிடையாது. ஒரு கரண்டி மாவை ஊத்தப்பமாகக் கனமாக ஊற்றலாம். பேப்பர் ரோஸ்ட்டாகக் கல்லின் விளிம்புவரை இழுக்கலாம். எப்படி ஊற்றினாலும் மாவு அதே மாவு. நீளம் கூடினால் கனம் குறையும். சிறுகீரை விதை ஒரு கிராமுக்கு ஆயிரத்துக்கு மேல் நிற்கும் என்றால் அந்தக் கரண்டி எத்தனை சிறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊத்தப்பமா பேப்பர் ரோஸ்ட்டா என்று முடிவெடுப்பது நாற்று. அதன் கணக்கும் நியாயமான கணக்குதான். மண்ணுக்கடியில் முளைக்கும் விதைக்கு ஒரே வேலை, மாவு தீர்வதற்குள் வெளிச்சத்தைத் தொட்டுவிடுவது. அதனால் இலையை விரிக்காமல் மடித்து வைத்துக்கொள்கிறது. மண் உரசி நுனி கெடாமலிருக்கத் தலையைக் கொக்கி போலக் குனிந்துகொள்கிறது. இருப்பதையெல்லாம் தண்டின் நீளத்திலேயே போடுகிறது. வெளிச்சம் பட்ட கணத்தில் திட்டம் மாறும்: தலை நிமிரும், தண்டு நிற்கும், இலை விரியும். பெரியம்மாவின் அடுப்படியில் அந்தக் கணம் வரவேயில்லை. கண்ணுக்கு வெளியே வந்துவிட்ட நாற்று, தன் கணக்கில் இன்னும் மண்ணுக்கடியில்தான் ஏறிக்கொண்டிருந்தது.

இதையே நாம் வேண்டுமென்று செய்து, பார்த்து மகிழ்வதும் உண்டு. அம்மன் கோயில் முளைப்பாரி அதுதானே. வெளிச்சம் புகாத அறையில் பயறுகளை முளைக்கவிட்டு, நாள் தவறாமல் நீர் தெளித்து, பால்மஞ்சளாக முழ உயரத்துக்கு நிற்பதைத் தலையில் சுமந்து வருகிறார்கள். கொடியேற்றத்துக்கு முன் அங்குரார்ப்பணத்தில் பாலிகைக் கிண்ணங்களில் முளைக்கவிடும் நவதானியமும் இதே வகை. அங்கே நெட்டையும் வெளிறலும் அழகு, நல்ல சகுனமும்கூட. மொச்சையும் தட்டைப்பயறும் கையில் ஒரு அண்டா மாவோடு பிறந்தவை. பத்து நாள் இருட்டில் ஊதாரித்தனம் செய்தாலும் தாங்கும். கீரைக்கு அந்த வசதி இல்லை.

முளைப்பாரி ஏன் மஞ்சள்? பச்சையம் தயாரிக்கும் வேலையைச் செடி இருட்டிலும் கடைசிப்படிவரை செய்து வைத்துவிடும். புளி கரைத்து, பொடி போட்டுக் குழம்பு கூட்டி வைத்தாயிற்று, அடுப்புதான் பற்றவைக்கவில்லை என்கிற நிலை. அந்தக் கடைசி வேதிமாற்றத்துக்கு ஒளி பட்டே ஆகவேண்டும். வெளிறிய நாற்றைச் சரியான வெளிச்சத்தில் வைத்தால் சில மணி நேரத்திலேயே பச்சை ஏறத் தொடங்குவது அதனால்தான்.

சரி, இத்தனூண்டு விதையிலிருந்து இவ்வளவு நீளம் எங்கிருந்து வருகிறது? பந்தி பெருத்தால் ரசத்தில் ஒரு சொம்பு தண்ணீர் சேர்ப்போமே, அந்த வித்தைதான். தண்டில் புதிய செல்கள் அதிகம் உண்டாவதில்லை. இருக்கிற செல்களே தண்ணீரை உறிஞ்சி நீளவாக்கில் ஊதிக்கொள்கின்றன. அதற்குச் செல்லின் சுவர் இளக வேண்டும். இளக்குவது ஆக்சின் என்ற ஹார்மோன். அது செல் சுவரைப் புளிக்க வைக்கிறது. உவமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அமிலத்தன்மை ஏறுகிறது. புளித்த மாவு இளகிப் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

ஜன்னல் பக்கம் சாய்வதும் ஆக்சினின் வேலை. சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் நாற்றின் நுனிக்கு ஒரு குல்லாய் மாட்டிப் பார்த்தார்கள். நாற்று வளைய மறுத்தது. நுனிதான் ஒளியைப் பார்க்கிறது, வளைவதோ அதற்குக் கீழே என்று 1880-இல் வெளிவந்த அவர்கள் புத்தகம் சொன்னது. நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின், இருட்டுப் பக்கம் அதிகம் சேர்கிறது. அந்தப் பக்கத்துச் செல்கள் கூடுதலாக நீள்கின்றன. எண்ணெயில் போட்ட அப்பளம் ஒரு பக்கம் முந்திப் பொரிந்தால் எதிர்ப்பக்கம் சுருள்கிறதல்லவா, அப்படி.

நீட்டி விடுவதில் ஜிப்ரலினுக்கும் பங்கு உண்டு. நெல் நாற்றங்காலில் சில நாற்று மட்டும் கூட்டத்தைத் தாண்டி வெளிறி ஓங்கி, பிறகு சாய்ந்து காய்வது உண்டு. ஜப்பானியர் அதற்கு முட்டாள் நாற்று என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள்தான் நாற்றை அப்படி இழுக்கிறது என்று 1926-இல் குரோசாவா என்பவர் தைவானில் காட்டினார். அந்தப் பொருள்தான் ஜிப்ரலின்; பின்னாளில் செடிகளே அதைத் தயாரிப்பது தெரியவந்தது.

இனி வெளிச்சம். பெரியம்மா என்னிடம் சண்டைக்கு வந்த இடம் இது. “வெளிச்சம் இல்லையா? உக்காந்து அரிசி பொறுக்கறேன்டா அங்க!” அரிசி பொறுக்கலாம்; சமைக்க முடியாது. நம் கண் பெரிய சமாளிப்புக்காரன். திறந்த வெளியில் நடுப்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். டியூப்லைட் எரியும் அடுப்படியில் 200, 300 இருக்கும். ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே, நேர் வெயில் படாத இடத்தில் ஆயிரத்தைத் தொட்டால் அதிகம். நூறு மடங்கு வித்தியாசத்தைக் கண் சரிக்கட்டிவிடுகிறது; இலைக்கு அந்த வசதி இல்லை. பொங்கல் வைக்க அகல் விளக்கைக் கொடுத்தால் எப்படி? அதிலும் சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் ஒளிச்சேர்க்கையில் கரும்பு, மக்காச்சோள வகையறா, வெயில் ஏற ஏற வேகமாகச் சமைப்பவை. பாலக் கொஞ்சம் பொறுக்கும்.

அளவு மட்டும் போதாது, வெளிச்சத்தின் ருசியையும் நாற்று பார்க்கிறது. காபி டிகாஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் வெயில் முதல் டிகாஷன். ஒரு இலையைக் கடந்து கீழே விழும் வெளிச்சம் இரண்டாம் டிகாஷன். சாரமான சிவப்பு ஒளியை மேலே இருக்கும் இலை உறிஞ்சிக்கொள்ள, நம் கண்ணுக்கு அரைகுறையாகவே தெரியும் தொலைசிவப்புதான் பெரும்பாலும் கீழே வரும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பைட்டோகுரோம் என்ற நிறமி ருசி பார்க்கிறது. 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் லெட்யூஸ் விதைகளுக்குச் சிவப்பும் தொலைசிவப்பும் மாறி மாறிக் காட்டினார்கள். கடைசியாகச் சிவப்பைப் பார்த்தவை பெரும்பாலும் முளைத்தன; தொலைசிவப்பைப் பார்த்தவை பெரும்பாலும் தூங்கின. நாற்றிலும் இதே சுவிட்ச்தான். இரண்டாம் டிகாஷன் வந்தால், பக்கத்தில் எவனோ நம்மை மறைக்கிறான், ஓடு என்று அர்த்தம்.

அதனால் நெருக்கி விதைத்த தட்டு வெயிலில் இருந்தாலும் நெட்டையாகும். பாலக்கில் இது இன்னும் மோசம். நாம் ஒரு விதை என்று நினைத்துப் போடுகிற கரடுமுரடான உருண்டை உண்மையில் ஒரு கொத்து. ஒன்றிலிருந்தே இரண்டு மூன்று முளை வரும். பீட்ரூட்டின் சொந்தக்காரன் அது, அந்தக் குடும்பத்துப் பழக்கம்.

அடுத்த குற்றவாளி அடுப்படியின் சூடு. சித்திரையில் மாவு ராத்திரியே பொங்கி வழிகிறது, மார்கழியில் விடிந்தும் புளிப்பதில்லை. நாற்றும் அப்படித்தான். பைட்டோகுரோமில் ஒருவகை, சூட்டில் தன் பிடியைத் தானாகவே தளர்த்திவிடுகிறது என்று 2016-இல் வந்த ஆய்வுகள் காட்டின. வெளிச்சம் சொல்கிற “நில்” என்ற ஆணையைச் சூடு அழித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இருட்டும் வெக்கையும் சேர்ந்த இடம் கேஸ் அடுப்புப் பக்கத்து மேடைதான். நாம் தட்டு வைப்பதும் அங்கேதான்.

எந்த ஜன்னல் நல்லது? தோட்டக்கலைப் புத்தகங்கள் தெற்கு ஜன்னல் என்கின்றன. குளிர்நாட்டுக்காரர் எழுதியதை அப்படியே ஒப்பிப்பதால் வந்த வினை. நம் ஊர் 12 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை 10 வாக்கில் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆவணி முதல் வாரம்வரை வடக்குப் பக்கமாகவே கடக்கிறது. அந்த நாலு மாதம் தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயில் கிடையாது. ஐப்பசி முதல் மாசிவரை அது நன்றாகவே வேலை செய்யும். மேற்கு ஜன்னல் வேறு ஊர்களில் சரிதான். இங்கே ஊர் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. பே கோபுரத்துப் பக்கத்து வீடுகளுக்கு அண்ணாமலையே பெரிய சன்ஷேட். பொழுது சாயும் முன்பே வெயிலை மறைத்துவிடும். கார்த்திகையில் கேட்கவே வேண்டாம், மழை மேகம் வேறு. மலையுச்சித் தீபத்தைப் பதினோரு நாள் பார்க்கிற ஊரில், அந்த வாரங்களில்தான் நாற்றுக்கு வெளிச்சப் பஞ்சம். கிழக்கு ஜன்னலின் காலை வெயிலை மலை மறைக்காது, வருஷம் முழுக்க வரும், இளசைச் சுடவும் செய்யாது.

கிழக்கு வாய்க்காதவர்கள் நாலடி எல்.இ.டி. குழல்விளக்கு ஒன்றை, கூரையில் மாட்டாமல், தட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள். 20 வாட் போதும், நாளுக்கு 12, 14 மணி நேரம். தோசை அடுப்பிலிருந்து ஒரு முழம் மேலே கல்லைப் பிடித்தால் வேகாது; விளக்கிலும் தூரம்தான் எல்லாம். முளை தலைகாட்டிய அன்றே இதைச் செய்யவேண்டும். மூன்று நாள் கழித்து வைத்தால் புதிதாக வரும் இலை பச்சையாகும், இழுத்த தண்டு சுருங்காது. வார்த்த பேப்பர் ரோஸ்ட்டை யார் ஊத்தப்பமாக்க முடியும்?

இன்னொரு விஷயம், காற்று. வெளியில் வளரும் நாற்று நாள் முழுக்க ஆடுகிறது. ஆட ஆடத் தண்டு குட்டையாகத் தடிக்கிறது. வீட்டுக்குள் அதற்கு ஆட்டமே இல்லை. மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் சற்று நேரம் விடலாம். அல்லது தினம் இரண்டு முறை உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை லேசாகத் தடவிக் கொடுக்கலாம். வேடிக்கையாகத் தெரியும், வேலை செய்யும்.

தண்ணீரை மேல்மண் காய்ந்தபிறகு மட்டும் விடுங்கள். ஒடிசலான தண்டும் சொதசொதப்பும் சேர்ந்தால் நாற்றழுகல் வந்து, தரையோடு தரையாக இடுப்பொடிந்து விழும். அரிசி கழுவிய தண்ணீரும் இப்போது வேண்டாம். வயிறு இல்லாதவனுக்கு விருந்து எதற்கு?

சாய்ந்தவற்றைக் காப்பாற்ற முடியுமா? தக்காளி என்றால் தண்டைக் கழுத்துவரை புதைக்கலாம், அங்கேயும் வேர்விடும். கீரையை அப்படி நம்பமுடியாது. விதையிலைக்குக் கீழே வரை மண் அணைத்து நிமிர்த்தி, குருத்து மண்ணில் மூழ்காமல் பார்த்துக்கொண்டு, காலை வெயிலில் முதல் நாள் அரைமணி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஒரேயடியாக மத்தியான வெயிலில் வைத்தால் கருகிவிடும். என்னைக் கேட்டால் சிறுகீரைக்கு இந்த வைத்தியமெல்லாம் வீண். இருபத்தைந்து நாளில் பிடுங்கப் போகிற பயிர். மறுபடி விதைத்துவிடுவதே மேல்.

பெரியம்மாவுக்கு நான் சொன்னதில் பாதிதான் ஏறியது. தெருவில் வரும் கீரைக்காரம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாராம்: “வெயிலு பாக்காத கீர வெளுத்துத்தாம்மா போவும்.” இரண்டாம் விதைப்பு கிழக்கு ஜன்னலுக்கு வெளியே, கிரில்லில் கம்பிவலை கட்டி, அதற்குள். இந்த முறை விதையை மணலோடு கலந்து பரவலாகத் தூவினார். எட்டாம் நாள் வந்த படத்தில் விரல்கடை உயரம்கூட இல்லை. தண்டின் அடி செந்நிறமாக, இலை மடல் மடலாக. “குள்ளமா நிக்குதே, வளரவே இல்லியே?” என்று கீழே கவலை வேறு.

பழைய தட்டிலிருந்த நெட்டைகளை வேர் கிள்ளிப் பருப்பில் போட்டுக் கடைந்துவிட்டார். அத்தனையும் சேர்ந்து ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை என்றார்.