முதுமையும் உணவும்

"வயது சென்றவர்க்குப் பாணும் தேநீரும் போதும்" என்பது திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த எம் இல்லங்களிற் கேட்கும் பேச்சு. என் தாயாரும் அங்ஙனமே கூறுவார். முதுமையிற் பசி குறையும். புரதத்தின் தேவையோ மிகும். வளர்ந்தோர்க்கு உடல்நிறையின் ஒரு கிலோகிராமுக்கு நாள்தோறும் 0.8 கிராம் என்பர். 65 வயதைக் கடந்தோர்க்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டுமெனப் பன்னாட்டு முதுமை மருத்துவ அறிஞர் குழுவொன்று 2013இல் விதந்துரைத்தது. அது குறையின் தசை நலியும். தசை நலிந்தார் எளிதில் விழுவர். கொட்டியாரக் குடாவின் நெத்தலியை அவித்து, முள்ளோடு மசித்து, சோற்றொடு குழைத்தூட்டினாற் பல்லில்லாதாரும் உண்பர். சுண்ணாம்புச் சத்தும் சேரும். மரக்கறியுணவினர்க்குப் பயறும் தயிரும் உள. கருவாடு வேறு: அதன் உப்பு குருதியமுக்கமுடையார்க்கு ஆகாது. சிறுநீரக நோயுடையார் மட்டும் புரத அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.