இடுப்பில் ரிவால்வர்... லைசென்ஸ் முதல் பயிற்சி வரை! கும்மிடிப்பூண்டிக்காரர் துப்பாக்கி வாங்க நினைத்தால் என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

2005 ஜனவரி 9. பெரியபாளையம் அருகே தானாகுளம் கிராமம். அதிகாலையில் ஒரு வீட்டின் கதவை உடைத்துக்கொண்டு கொள்ளைக் கும்பல் உள்ளே புகுந்தது. அது அப்போதைய கும்மிடிப்பூண்டி தொகுதி அ.தி.மு.க எம்.எல்.ஏ சுதர்சனத்தின் வீடு. சத்தம் கேட்டு வந்தவரைக் கும்பல் சுட்டுக் கொன்றது. வீட்டில் இருந்தவர்களைத் தாக்கி நகைகளை அள்ளிக்கொண்டு போனது. லாரிகளில் வந்து, நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளாகக் குறிவைத்த வடமாநில பவாரியா கும்பல்தான் அது என்று பின்னால் தெரிந்தது. எஸ்.ஆர்.ஜாங்கிட் தலைமையிலான போலீஸ் படை மாநிலம் மாநிலமாக அலைந்து அவர்களைப் பிடித்த கதையைத்தான் 'தீரன் அதிகாரம் ஒன்று' படத்தில் பார்த்தோம். வழக்கில் மூன்று பேர் குற்றவாளிகள் என்று சென்னை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2025 நவம்பர் ஆகிவிட்டது.

இருபது வருடம் ஆனாலும் இந்தச் சம்பவம் திருவள்ளூர் மாவட்டத்தில் மறக்கப்படவில்லை. பெரியபாளையம், கவரைப்பேட்டை, எளாவூர் பக்கம் தோப்பு வீட்டில் தனியாக இருப்பவர்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பட்டறையை மூடிவிட்டு நள்ளிரவில் வண்டியை எடுப்பவர்கள், கலெக்‌ஷன் பணத்தோடு கொல்கத்தா நெடுஞ்சாலையில் வருபவர்கள் மனதில் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துபோகும். "லைசென்ஸ் வாங்கி ஒரு ரிவால்வர் வெச்சுக்கலாமா?"

வைத்துக்கொள்ளலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால், கேட்டவுடன் கிடைக்கிற பொருள் அல்ல அது.

முதல் கேள்வி: உங்களுக்கு எதற்கு?

அமெரிக்கப் படங்களைப் பார்த்துவிட்டு, துப்பாக்கி வைத்துக்கொள்வது குடிமகனின் உரிமை என்று நினைப்பவர்கள் உண்டு. அது அங்கே. இங்கே 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின்படி, துப்பாக்கி என்பது அரசு கொடுக்கும் அனுமதி. 21 வயது முடிந்திருக்க வேண்டும். ஏன் வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும். 'ஊரில் திருட்டு பயம்' என்று பொதுவாக எழுதினால் போதாது. வசிக்கும் இடத்தாலோ தொழிலாலோ உயிருக்கு உண்மையான ஆபத்து இருக்கிறதா என்றுதான் 2016-ம் வருட ஆயுத விதிகள் பார்க்கச் சொல்கின்றன. மிரட்டல் வந்து போலீஸில் புகார் கொடுத்திருந்தால் அதன் நகல், தொழிலுக்கான ஆவணங்கள், தனியாக இருக்கும் வீடு என்றால் அந்த விவரம்... இவை எல்லாம் பேசும். கௌரவத்துக்காகக் கேட்பவரின் மனு நிற்பது கஷ்டம்.

விண்ணப்பம் இப்போது மத்திய உள்துறையின் இணையதளம் வழியாகப் போகிறது. மாவட்டத்தில் உரிமம் கொடுக்கும் அதிகாரி கலெக்டர். கும்மிடிப்பூண்டிக்காரர் என்றால் திருவள்ளூர் கலெக்டர் அலுவலகம். சென்னை போன்ற கமிஷனரேட் பகுதியில் அந்த அதிகாரம் போலீஸ் கமிஷனரிடம் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் ஒரு பகுதி ஆவடி கமிஷனரேட்டுக்குள் வந்துவிட்டதால், தங்கள் வீடு எந்த எல்லையில் வருகிறது என்று முதலில் ஸ்டேஷனில் கேட்டுக்கொள்வது அலைச்சலை மிச்சமாக்கும்.

அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வயதுச் சான்று எல்லாம் வழக்கமானவை. வழக்கமில்லாதவை மூன்று. உடலும் மனமும் நன்றாக இருக்கின்றன என்று டாக்டர் கொடுக்கும் சான்றிதழ். துப்பாக்கியை வீட்டில் எங்கே, எப்படிப் பூட்டி வைக்கப்போகிறோம் என்ற உறுதிமொழி. பிறகு, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியை முடித்ததற்கான சான்றிதழ். போலீஸ் விசாரித்து 30 நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும், அது வந்து 60 நாளில் அதிகாரி முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இந்தக் கணக்கை நம்பி யாரும் காலண்டரில் தேதி குறிப்பதில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், மேல்முறையீடும் செய்யலாம்.

முன்பு உரிமம் 3 வருடத்துக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு 5 வருடம். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது.

.32 தான்... வேறு என்ன?

கடைக்குப் போனால் பைக் ஷோரூம் போல நூறு மாடல் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 9 மி.மீ, .38 போன்றவை தடைசெய்யப்பட்ட ரகம். போலீஸும் ராணுவமும் வைத்திருப்பவை. சாதாரண மனிதருக்குக் கிடைக்கும் ரிவால்வர் பெரும்பாலும் .32 தான். அதாவது, குண்டின் விட்டம் ஓர் அங்குலத்தில் நூற்றில் 32 பங்கு அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ரகத்தில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருப்பது கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். வெள்ளைக்காரன் காலத்து வெப்லி வடிவத்தைப் பின்பற்றியது. நடுவில் மடக்கினால் வாழைப்பூ மாதிரி திறந்துகொள்ளும், காலித் தோட்டாக்கள் மேலே எழும்பும். 2014-ல் அதே கான்பூரிலிருந்து 'நிர்பீக்' வந்தது. 2012 டெல்லி சம்பவத்துக்குப் பிறகு, பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும் என்று அரை கிலோ எடையில் செய்தார்கள். விலை அப்போதே சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். ஆபத்தில் இருக்கும் பெண்களில் எத்தனை பேருக்கு இது கட்டுப்படியாகும் என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. அது நியாயமான விமர்சனம்தான்.

2023 ஆகஸ்டில் 'பிரபல்' வந்தது. எடை சுமார் 700 கிராம். இதில் நடுவில் மடக்கும் வேலை இல்லை. தோட்டா உருளை பக்கவாட்டில் வெளியே வரும், போடுவதும் எடுப்பதும் சுலபம். 50 மீட்டர் வரை சுடலாம் என்கிறது தயாரிப்பாளரான அரசு நிறுவனம். நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தின் கீழ்தான் இருக்கிறது. வெப்லி பெயரிலேயே உத்தரப்பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் ஒரு தனியார் தொழிற்சாலையும் .32 ரிவால்வர் செய்கிறது.

எதை எடுப்பது? எடை குறைவாக இருந்தால் சுமப்பது சுலபம். ஆனால், சுடும்போது கையில் உதைப்பது அதிகம். கனமானது உதைப்பைத் தாங்கும், நாள் முழுக்க இடுப்பில் இருந்தால் பெல்ட்டை இழுக்கும். கையில் பிடித்துப் பார்க்கும்போது, சுட்டுவிரலின் நுனி விசையில் வசதியாகப் பதிகிறதா, விசையை முழுதாக இழுக்க முடிகிறதா என்பதுதான் முக்கியம். சிறிய கை உள்ளவர்கள் இதில்தான் சிரமப்படுவார்கள்.

பிஸ்டலை விட்டுவிட்டு ரிவால்வரை ஏன் சொல்கிறார்கள்? ஆறு தோட்டாதான் என்றாலும் இயந்திரம் எளிமையானது. ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதைத் திறந்தவுடன் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பழக்கமில்லாத கைக்கு இது பெரிய விஷயம்.

சுடக் கற்பது

படத்தில் ஹீரோ ஒற்றைக் கையில் ஓடிக்கொண்டே சுடுவார். ரைஃபிள் கிளப்பில் முதல் நாள் சுடவே விட மாட்டார்கள். விளையாட்டுக்காகச் சுடுபவர்களுக்கும் இதேதான். 2021-ல் மாநிலப் போட்டியில் சென்னை ரைஃபிள் கிளப் சார்பில் பதக்கங்கள் வாங்கிய நடிகர் அஜித்குமாருக்கும் பயிற்சியாளர் சொன்ன பிறகுதான் விசையில் விரல்.

துப்பாக்கியில் தோட்டா இருப்பதாகவே எப்போதும் நினைக்க வேண்டும். காலி என்று தெரிந்தாலும், சுட விரும்பாத எதை நோக்கியும் குழல் திரும்பக் கூடாது. சுட முடிவெடுக்கும் வரை விரல் விசைக்கு வெளியே நீட்டியே இருக்க வேண்டும். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வரிசை வீடுகளும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் உள்ள ஊரில் இந்தக் கடைசி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. குறி தப்பிய குண்டு பக்கத்து வீட்டுக்குள் போகும்.

ரிவால்வருக்கே உரிய ஒன்றும் உண்டு. உருளைக்கும் குழலுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருக்கும். சுடும்போது சூடான வாயு அங்கே பீறிடும். பிஸ்டல் பிடிக்கிற பழக்கத்தில் இடது கை விரலை முன்னால் நீட்டினால் விரல் வெந்துவிடும். இரண்டு கையும் கைப்பிடியில்தான் இருக்க வேண்டும்.

பிறகுதான் சுடுவது. முன் குறிமுனை தெளிவாகத் தெரிய வேண்டும், இலக்கு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. புதிதாகச் சுடுபவர்களின் குண்டு பெரும்பாலும் கீழே போகும். காரணம் கண் அல்ல. வெடிக்கப்போகிறது என்ற பயத்தில் கை முன்கூட்டியே துள்ளிவிடும். இதற்கு மருந்து, வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாவைப் போட்டு விசையை மெதுவாக இழுத்துப் பழகுவதுதான். காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீ. ஈயத் துகள் ஒட்டியிருக்கும்.

உண்மையான சிக்கல் வேறு. தோட்டாவுக்கு உரிமத்தில் அளவு உண்டு, விலையும் அதிகம். சான்றிதழுக்காக ஒரு முறை சுட்டுவிட்டு, அதன் பிறகு வருடக்கணக்கில் துப்பாக்கியைத் தொடாதவர்கள்தான் அதிகம் இருக்க முடியும். அப்படிப்பட்டவர் நடுராத்திரி, தூக்கக் கலக்கத்தில், இருட்டில், பீரோவைத் திறந்து எடுத்துச் சுடுவது எப்படி இருக்கும்? தானாகுளத்துக்கு வந்தது ஒரு ஆள் அல்ல, ஆயுதங்களோடு ஒரு கும்பல் என்பதையும் இங்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. உறுதியான கதவு, உள்தாழ்ப்பாள், வாசலில் வெளிச்சம், குரைக்கிற நாய், சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடுவது... இவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை.

இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால்...

வெளியே எடுத்துப் போகும்போது உறைக்குள் இருக்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது. காட்டி மிரட்டினால் உரிமம் போகும். சித்திரை வெயிலில் சட்டைக்குள் வியர்வை பட்டு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அடிக்கடி துடைத்து எண்ணெய் போட வேண்டும். வேட்டி கட்டுபவர்கள் உறையை எதில் மாட்டுவது என்பது இன்னும் தீராத பிரச்னை!

கல்யாண வீட்டில் சந்தோஷத்துக்கு வானத்தை நோக்கிச் சுட்டாலும் 2019 திருத்தப்படி 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமமே இல்லாமல் நாட்டுத் துப்பாக்கியை வைத்திருந்தால் 2 முதல் 5 வருடம். வாட்ஸ்அப்பில் 'ரிவால்வர் விற்பனைக்கு' என்று வரும் படங்களுக்குப் பதில் அனுப்பினால் ஒன்று பணம் போகும், இல்லாவிட்டால் போலீஸ் வரும்.

நிஜமாகவே சுட்டுவிட்டால்? பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றிப் பேசுகின்றன. உயிருக்கோ பலத்த காயத்துக்கோ உண்மையான அச்சம் இருந்தால், இரவில் வீட்டை உடைத்துப் புகுந்தால், எதிராளி இறக்கும் அளவுக்குக்கூட அந்த உரிமை போகலாம். ஆனால், தேவைக்கு மேல் போகக் கூடாது. திருடன் பையைப் போட்டுவிட்டு மதில் ஏறி ஓடும்போது முதுகில் சுட்டால், அதைத் தற்காப்பு என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது மிகவும் கடினம். எப்படியானாலும் போலீஸ், விசாரணை, தடயவியல் எல்லாவற்றையும் சந்தித்தே ஆக வேண்டும்.

பீரோவுக்குள் இருக்கும் ஆபத்து

2024 அக்டோபர் 1 அதிகாலை. இந்தி நடிகர் கோவிந்தா மும்பை வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். லைசென்ஸ் உள்ள தன் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது கை தவறியது. குண்டு காலில் பாய்ந்து, மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பழைய ரக ரிவால்வர்களில், சுத்தியல் நேராகத் தோட்டாவின் மேல் உட்கார்ந்திருந்தால், கீழே விழும் அதிர்ச்சியிலேயே வெடிக்கலாம். தாத்தா காலத்து ரிவால்வர் வைத்திருப்பவர்கள் சுத்தியலுக்கு நேராக இருக்கும் அறையைக் காலியாக விடுவது இதனால்தான்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் தலையணைக்கு அடியில், பீரோவில் புடவை மடிப்புக்குள் என்ற பேச்சே கூடாது. பூட்டிய இரும்புப் பெட்டி வேண்டும். துப்பாக்கி ஒரு இடம், தோட்டா இன்னொரு இடம், சாவி உரிமம் உள்ளவரிடம் மட்டும். தொலைந்தால் உடனே ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தோட்டாவை எப்படி வைத்தார்கள் என்பது தமிழ்நாட்டின் போக்கையே மாற்றிய கதை ஒன்று உண்டு. 1967 ஜனவரி 12-ல் ராமாவரம் வீட்டில் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். அவ்வளவு அருகிலிருந்து சுட்டும் இருவரும் பிழைத்தது எப்படி? தோட்டாக்கள் பல வருடங்களாக மேஜை டிராயருக்குள் உருண்டு உருண்டு ஒன்றோடொன்று உரசி வீரியம் குறைந்திருந்தன என்று விளக்கினார் தடயவியல் நிபுணர் பி.சந்திரசேகரன்.

உரிமம் உள்ளவர் இறந்துவிட்டால், அந்தத் துப்பாக்கியை வாரிசு வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. போலீஸ் நிலையத்திலோ உரிமம் உள்ள டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம். பல வீடுகளில் இது தெரியாமல் பரணில் கிடக்கிறது.

அப்புறம் தேர்தல். தேதி அறிவித்தவுடன், உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன் வரும். வங்கிக் காவலாளிகள் போன்ற சிலருக்கு விலக்கு கிடைக்கும். மற்றவர்கள் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டு எண்ணி முடித்து நடத்தை விதி விலகும் வரை ரிவால்வர் ஸ்டேஷன் பெட்டியில் இருக்கும், ரசீது மட்டும்தான் வீட்டில்.