செயலிகளில் இணைப்புத் தட்டுப்பாடு: காரணமும் தீர்வும்

முன்னுரை

தேர்வு முடிவு அறிதல், கல்லூரியில் சேர விண்ணப்பித்தல், தொடர்வண்டியில் இடம் பதிதல், மருத்துவரைக் காண முன்பதிவு செய்தல் ஆகிய பணிகளெல்லாம் இன்று கணிப்பொறித் திரையின் வழியே நடைபெறுகின்றன. இப்பணிகளுக்காகப் பெருங்கூட்டம் ஒரே வேளையில் திரளும்பொழுது செயலி மறுமொழியின்றி நின்றுவிடுவதையும் நாம் காண்கிறோம். விண்ணப்பிக்க வேண்டிய இறுதி நாளில் செயலி அவ்வாறு நின்றுவிடுமாயின் ஒரு மாணவரின் ஓராண்டே வீணாகலாம். ‘கூட்டம் மிகுதி, சர்வர் தாங்கவில்லை’ என்று பொதுவாகக் கூறப்படும் விளக்கம் எல்லா வேளையிலும் முழு உண்மையன்று. தரவுத்தளத்தின் ஆற்றலில் பெரும்பகுதி ஓய்ந்து கிடக்க, அதனைச் சென்றடையும் வழிகள் மட்டும் அடைபட்டு நிற்பதும் உண்டு. இதனை ‘இணைப்புத் தட்டுப்பாடு’ எனலாம். இத்தட்டுப்பாடு எவ்வாறு தோன்றுகிறது, அதன் காரணத்தை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு தீர்ப்பது என்பவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணைப்பும் இணைப்புத் தொகுப்பும்

செயலி ஒன்றனுள், தரவுகளைத் தரவுத்தளத்தில் எழுதுவதற்கும் அங்கிருந்து பெறுவதற்கும் பொறுப்பான பகுதி தனியே அமைந்திருக்கும். ‘பெர்சிஸ்டன்ஸ் லேயர்’ எனத் துறையினர் வழங்கும் இதனை ‘நிலைபேற்று அடுக்கு’ என்று தமிழில் குறிக்கலாம். ஜாவா மொழியில் எழுதப்பெறும் செயலிகளில் ஹைபர்நேட் என்னும் மென்பொருள் இப்பணியைப் பெரிதும் ஆற்றுகிறது.

இவ்வடுக்கு தரவுத்தளத்தோடு பேசுவதற்கு ஓர் இணைப்பு வேண்டும். இணைப்பைப் புதிதாக ஏற்படுத்துவது சிறு செயலன்று. வலைப்பின்னலில் இரு கணிப்பொறிகளும் அறிமுகமாதல், கடவுச்சொல் சரிபார்த்தல், தரவுத்தளம் அவ்விணைப்புக்கெனத் தனி இடம் ஒதுக்குதல் எனப் பல படிகள் அதில் உள்ளன. போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிச் செயல்முறையையே தோற்றுவிக்கின்றது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் இவ்வளவையும் புதிதாகச் செய்தால் காலம் வீணாகும். ஆகவே, சில இணைப்புகளை முன்னரே திறந்து வைத்துக்கொண்டு, கேட்பவருக்குக் கொடுத்து, பணி முடிந்ததும் திரும்பப் பெற்று, அடுத்தவருக்குக் கொடுக்கும் ஏற்பாடு தோன்றியது. இதுவே இணைப்புத் தொகுப்பு ஆகும்.

நூலகத்தை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். நூலகத்தில் ஒரு நூலின் பத்துப் படிகள் உள்ளன எனக் கொள்வோம். படிப்பவர் விரைந்து திருப்பித் தந்தால் அப்பத்துப் படிகளே ஒரு வகுப்பு முழுமைக்கும் போதும். பத்துப் பேர் எடுத்துச் சென்று திருப்பித் தராவிடில், பதினோராம் மாணவருக்கு அந்நூல் நூலகத்தில் இல்லாத நூலேயாகும்.

ஜாவா உலகில் பெரிதும் வழங்கும் ஹிகாரி-சிபி என்னும் தொகுப்பு மென்பொருளில், நாம் மாற்றாதவரை இணைப்புகளின் உச்ச அளவு 10 ஆகும். 2018இல் வெளிவந்த ஸ்பிரிங் பூட் இரண்டாம் பதிப்பு முதல் இதுவே அச்சட்டகத்தின் இயல்பான தேர்வாக உள்ளது. இணைப்புக் கிடைக்காத வேண்டுகோள் 30 நொடிகள் காத்திருக்கும். அதன் பின்னர்ப் பிழையுடன் திரும்பிவிடும். பயனாளர் திரையில் சுழன்றுகொண்டே இருக்கும் வட்டத்துக்குப் பின்னே இந்த 30 நொடிக் காத்திருப்பு மறைந்திருக்கக்கூடும்.

எண்ணிக்கையா, காலமா?

எத்தனை இணைப்புகள் வேண்டும் என்பதனை எளிய பெருக்கலால் அறியலாம். வரிசையில் காத்திருத்தல் பற்றி ஜான் லிட்டில் என்னும் அறிஞர் 1961இல் நிறுவிய விதி இதற்கு உதவுகின்றது. ஒரு நொடியில் வரும் வேண்டுகோள்களின் எண்ணிக்கையை, ஒவ்வொன்றும் இணைப்பை வைத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால், சராசரியாகப் பயன்பாட்டில் இருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

நொடிக்கு 50 வேண்டுகோள்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் இணைப்பை 0.02 நொடி வைத்திருக்கின்றது எனில், சராசரியாக ஓர் இணைப்பே பயன்பாட்டில் இருக்கும். அதே 50 வேண்டுகோள்கள் இணைப்பை 2 நொடி வைத்திருந்தால் 100 இணைப்புகள் வேண்டும். கூட்டம் ஒருவர்கூடக் கூடவில்லை. ஆயினும் தேவை நூறு மடங்காயிற்று. கடனாகப் பெற்ற பொருளை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறோம் என்பதே இங்குத் தலையாய வினாவாகும்.

தட்டுப்பாட்டின் காரணங்கள் நான்கு

முதலாவது, திருப்பித் தராமை. நிரலர் இணைப்பைப் பெற்றுப் பணி செய்கிறார். இறுதி வரியில் அதனை ஒப்படைக்கவும் எழுதியுள்ளார். எனினும் இடையில் ஒரு பிழை நேர்ந்தால் கட்டுப்பாடு வேறு வழியில் சென்றுவிடும். ஒப்படைக்கும் வரி நிறைவேறாது. இதனை ‘இணைப்புக் கசிவு’ என்பர். பத்து முறை பிழை நேர்ந்தால் பத்து இணைப்புகளும் தொலைந்துவிடும்.

இரண்டாவது, நெடுநேரம் வைத்திருத்தல். தரவுத்தளப் பரிமாற்றம் ஒன்றைத் தொடங்கிவிட்டு, அது முடிவதற்குள் குறுஞ்செய்தி அனுப்பும் வெளிநிறுவனத்தையோ வங்கியையோ தொடர்புகொண்டு மறுமொழிக்குக் காத்திருப்பது இவ்வகையாகும். அக்காத்திருப்பு முழுவதும் இணைப்பு வேலையின்றிக் கையில் கிடக்கும். ஸ்பிரிங் பூட்டில் ‘ஓப்பன் இன் வியூ’ என்னும் ஏற்பாடு இயல்பாகவே இயங்கும் நிலையில் உள்ளது. இதனால், முதல் வினவலுக்காக எடுத்த இணைப்பு, பக்கம் முழுவதும் உருவாகி முடியும்வரை திரும்பாமல் இருக்க நேர்கின்றது. சுட்டுவரிசை இல்லாத அட்டவணையில் தேடுவதும் இத்தகையதே. சொல்லடைவு இல்லாத பெருநூலில் ஒரு சொல்லைத் தேடுவதுபோல் அவ்வினவல் ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மற்றொன்றுக்குக் காத்திருத்தல். ஒரு பரிமாற்றத்தின் நடுவே தனிப் பரிமாற்றம் ஒன்று தேவைப்படின், முதல் இணைப்பை விடாமலே இரண்டாம் இணைப்பைச் செயலி கேட்கும். பத்து இழைகள் ஒரே வேளையில் ஆளுக்கோர் இணைப்பை எடுத்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டாவதைக் கேட்டால், பத்தும் காத்திருக்கும். தருவதற்கு ஒருவரிடமும் ஒன்றும் இராது. அங்கு 11 இணைப்புகள் இருந்திருப்பின், ஏதேனும் ஓர் இழை தன் பணியை முடித்து இரண்டையும் திருப்பித் தர, முட்டு நீங்கியிருக்கும்.

நான்காவது, கூட்டுத்தொகையை மறத்தல். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இணைப்புகளின் இயல்பான வரம்பு 100. அவற்றுள் 3 மேலாண்மையாளருக்கென ஒதுக்கப்பட்டவை. எஞ்சியவை 97. செயலியின் 6 படிகள் தலைக்குப் பத்து இணைப்புகளுடன் இயங்கினால் 60 ஆகும், இடர் இல்லை. புதிய பதிப்பை நிறுவும்பொழுது பழையவை நிற்குமுன் புதியவை 6 எழுந்தால் தேவை 120 ஆகிவிடும். நாள்தோறும் நன்கு இயங்கிய செயலி பதிப்பு மாறும் வேளையில் மட்டும் நிலைகுலைவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இயல்பான வரம்பு 151 ஆகும். அங்கும் இக்கணக்கே பொருந்தும்.

நோயறியும் முறை

நோய் இன்னதென்றும் அதன் முதல் இன்னதென்றும் அறிந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறி இங்கும் பொருந்தும்.

மறுத்தவர் யார் என்று காண்பது முதற்படி. ‘இணைப்புக் கிடைக்கவில்லை, 30,000 மில்லிநொடிகளில் காலவரம்பு கடந்தது’ என்னும் பொருளில் பிழைச்செய்தி வரின், மறுத்தது செயலியின் உள்ளிருக்கும் தொகுப்பு. ‘ஏற்கெனவே இணைந்தோர் மிகுதி’ என்னும் பொருளில் வரின், மறுத்தது தரவுத்தளம். முன்னதாயின் முதல் மூன்று காரணங்களையும், பின்னதாயின் முதலில் நான்காம் காரணத்தையும் ஆராய வேண்டும்.

பயன்பாட்டிலுள்ள இணைப்புகளின் எண்ணிக்கையை நாள் முழுவதும் வரைபடமாகக் காண்பது இரண்டாம் படி. கூட்டத்தோடு ஏறிக் கூட்டத்தோடு இறங்கினால் அது பளுவின் அடையாளம். படிக்கட்டுப் போல ஏறி, ஆளில்லாத நள்ளிரவிலும் இறங்காதிருந்தால் அது கசிவின் அடையாளம்.

அவ்விணைப்புகள் தரவுத்தளத்தில் என்ன நிலையில் உள்ளன என்று பார்ப்பது மூன்றாம் படி. போஸ்ட்கிரஸில் ‘பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி’ என்னும் காட்சி இதனைத் தெரிவிக்கும். ‘செயல்பாட்டில்’ என்றிருந்தால் வினவல் மெதுவாக உள்ளது. அல்லது மற்றொருவர் பூட்டிய தரவுக்காக அது காத்திருக்கிறது. ‘பரிமாற்றத்தின் நடுவே ஓய்வில்’ என்றிருந்தால், செயலி பரிமாற்றத்தைத் திறந்துவிட்டு வேறு வேலை பார்க்கிறது. தொகுப்பு ‘கொடுக்கப்பட்டது’ என்று காட்டும் இணைப்பு தரவுத்தளத்தில் நெடுநேரம் வெறும் ‘ஓய்வில்’ என்றிருந்தால், கசிவை ஐயுறுதல் வேண்டும்.

எடுத்தவரைக் கண்டுபிடிப்பது நான்காம் படி. ஹிகாரி-சிபியில் கசிவு கண்டறியும் வசதி உண்டு. அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். 20 நொடி என அதற்கு வரம்பு கொடுத்தால், அதற்கு மேல் திரும்பாத இணைப்பை நிரலின் எந்த வரி பெற்றது என்பதனைப் பதிவேட்டில் எழுதிவிடும். அது காட்டிக் கொடுக்குமேயன்றி இணைப்பைப் பறித்துத் தராது. நூலகப் பேரேட்டில் எடுத்தவர் பெயரைப் பார்ப்பது போன்றது இது.

தீர்வுகள்

கசிவுக்கு மருந்து, பிழை நேரினும் நேராவிடினும் இணைப்புத் தானே திரும்புமாறு நிரல் எழுதுவதாகும். 2011இல் வெளிவந்த ஜாவா ஏழாம் பதிப்பு முதல் இதற்கென்றே ஒரு தொடரமைப்பு உள்ளது. நெடுநேரம் வைத்திருத்தலுக்கு மருந்து, வெளிநிறுவனத் தொடர்புகளைப் பரிமாற்றத்துக்கு வெளியே கொண்டுவருவதும், தேவையான சுட்டுவரிசைகளை அமைப்பதுமாகும். மூன்றாவதற்கு, உள்பரிமாற்றங்கள் மெய்யாகவே தனித்தியங்க வேண்டுமா என்று ஆராய்ந்து குறைத்தல் வேண்டும். நான்காவதற்கு, படிகளின் எண்ணிக்கையைத் தொகுப்பின் அளவால் பெருக்கி, பதிப்பு மாறும் வேளையையும் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும். படிகள் மிகப் பலவாயின் பிஜிபவுன்சர் போன்ற இடைத்தரகு மென்பொருள் உதவும். அது பலருடைய வேண்டுகோள்களைச் சில இணைப்புகளின் வழியே நிறைவேற்றும்.

காவலாகக் காலவரம்பும் வேண்டும். 2016இல் வெளிவந்த போஸ்ட்கிரஸ் 9.6 பதிப்பு முதல், பரிமாற்றத்தின் நடுவே ஓய்ந்து கிடக்கும் இணைப்பைக் குறித்த நேரத்துக்குப் பின் துண்டிக்குமாறு ஆணையிட முடிகின்றது.

‘வரம்பை ஆயிரமாக உயர்த்திவிட்டால் போதாதா?’ என்னும் வினா எழலாம். இணைப்புக் கூடினும் செயலகக் கருக்களும் வட்டுகளும் கூடுவதில்லை. ஒவ்வோர் இணைப்பும் நினைவகத்தை உண்ணும். ஒன்றோடொன்று போட்டியிட்டு எல்லாமே மெதுவாகும். கருக்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வது துறையினர் கூறும் தொடக்க அளவு. நான்கு கருக்களும் ஒரு வட்டும் உள்ள கணிப்பொறிக்கு இது 9 ஆகும். கசிவுள்ள செயலியில் வரம்பை உயர்த்துவது ஓட்டைக் குடத்தைப் பெரிய குடமாக மாற்றுவதாகும். வடிய நேரம் கூடும், ஓட்டை அடைபடாது. செயலியை நிறுத்தி மீண்டும் தொடங்குவதும் அத்தகையதே. அவ்வேளைக்கு உயிர் கொடுக்கும். காரணத்தைக் காட்டும் தடயங்களையும் உடன் அழித்துவிடும். ஆகவே மீண்டும் தொடங்குமுன் இணைப்புகளின் நிலையைப் பதிந்து வைத்துக்கொள்ளுதல் இன்றியமையாததாகும்.

முடிவுரை

இணைப்புத் தட்டுப்பாடு எனப்படுவது பல வேளைகளில் இல்லாமையால் நேர்வதன்று, திரும்பாமையால் நேர்வது. பொதுப்பொருளைத் தேவையான பொழுது எடுத்தல், தேவையான அளவே வைத்திருத்தல், இடையூறு நேரினும் தவறாது ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிலைபேற்று அடுக்கை எழுதுவோர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகளாகும். நிரலர் ஒருவர் எழுத மறந்த ஒற்றை வரி, அவர் முகமறியாத மாணவர் ஒருவரின் விண்ணப்பத்தைக் கடைசி நாளில் தடுத்து நிறுத்தக்கூடும். கணிப்பொறித் துறையில் நுழையும் மாணவர்கள் வரம்பை உயர்த்துமுன் வரைபடத்தை நோக்கும் பழக்கத்தைக் கல்லூரிச் செய்முறை வகுப்பிலேயே பெறுவாராயின், அத்தகைய இழப்புகள் பல தவிர்க்கப்படும்.