நாய்க்கொட்டிலும் உலாவிடமும்

நாய் வளர்க்கும் விருப்பம் மதுரை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இக்காலத்தே மிகுந்துள்ளது. நாயை வாங்குமுன் அதன் இனம் யாது, நிறம் யாது, விலை யாது என்று பலநாள் ஆராய்வோர், அது வாழப்போகும் இடத்தைப்பற்றி ஒரு நாழிகையேனும் ஆராய்வதில்லை. வந்த நாய் செருப்பைக் கடித்தது, பூஞ்செடியைத் தோண்டிற்று என்ற காரணம்பற்றி, அவசரமாக ஓர் இரும்புக் கூண்டை வாங்கி, மொட்டைமாடியிலோ மதிலோரத்திலோ இடங்கிடைத்தவழி வைத்துவிடுகின்றனர். பங்குனி பிறந்ததும் அக்கூண்டு அடுப்பாகிவிடுகின்றது. ஆதலின், வீட்டின் புறத்தே நாய்க்கு ஒரு கொட்டிலும், அதனையடுத்து அது நடமாடுதற்கு வேலியிட்ட ஓர் உலாவிடமும் அமைக்க விழைவோர் அறியவேண்டியன சிலவற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன். தமிழ் பயிலும் மாணவனுக்கு நாய்க்கொட்டிலில் என்ன வேலை என்று நகைப்பார் நகைக்க. ஞமலி, ஞாளி, சுணங்கன் என ஒரு விலங்கிற்கு இத்தனை பெயரிட்ட மொழியைக் கற்பவன், அதன் இருப்பிடத்தைப்பற்றி ஒருமுறை எழுதினாற் குற்றமில்லையென்று கருதுகின்றேன்.

நாயைப் பிணித்து வைத்தல் நம்நாட்டிற் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், எயினரது காவலமைந்த குறும்பை வருணிக்குமிடத்துச் சங்கிலியிற் கட்டிய நாய்களையும் கூறுகின்றார். எனினும் நம் பாண்டிநாட்டுக் கிராமங்களிற் பெரும்பாலும் நாய் கட்டின்றியே வாழ்ந்தது. அவ்வாறு வாழும் நாயை ஒருநாள் முழுதும் உற்று நோக்கினால் நமக்குப் பெரியதொரு பாடம் கிடைக்கும். விடியலில் அது தெருப்புழுதியில் வெயில் காயும். வெயில் ஏற ஏறத் திண்ணையின் ஓரத்திற்கு நகரும். உச்சியிற் கிணற்றடியின் ஈரமண்ணைக் காலாற் பறித்து, வயிறு படியும்படி அதிற் கிடக்கும். மாலையிற் களத்துமேட்டிற் காற்று வரும் முகமாக நிற்கும். மழையிரவில் அடுப்புச் சாம்பலைத் தேடும். நாழிகைதோறும் தனக்கேற்ற இடத்தை அது தானே தெரிந்துகொள்கின்றது. நாம் அதனை ஓர் எல்லைக்குள் அடைக்கும்பொழுது அத்தெரிவுரிமையை அதனிடமிருந்து பறித்துவிடுகின்றோம். பறித்தவர், அது தேடியிருக்கக்கூடிய நிழல், காற்று, ஈரம், வறட்சி அனைத்தையும் அவ்வெல்லைக்குள்ளேயே அமைத்துத் தரக் கடமைப்பட்டவராவர். கொட்டிலைத் தேர்ந்தெடுப்பதன் இரகசியம் முழுதும் இதனுள் அடங்கும்.

நிற்க. நாயின் உடம்பு உஷ்ணத்தைத் தாங்கும் வகையைச் சிறிது அறிதல் வேண்டும். அதன் இயல்பான உடற்சூடு ஏறக்குறைய 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரையாகும். மனிதனைப்போல் அதற்கு மேனியெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களின் அடியில் மாத்திரம் சிறிது வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இளைக்குங்கால் வாயிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரம் ஆவியாகி, அதனாலேயே அது பெரிதும் குளிர்ச்சியடைகின்றது. மதுரையிற் சித்திரை வைகாசியில் வெயில் 40 பாகையை எட்டுவது வழக்கம். காற்றே உடம்பினும் சூடாயிருக்கும் அவ்வேளையில் இளைப்பு ஒன்றே நாய்க்குத் துணை. மூடிய கூண்டினுள் அதன் மூச்சே ஈரமாக நிறைந்து, மேலும் ஆவியாகவொட்டாது தடுத்துவிடும். உடற்சூடு 41 பாகையைக் கடந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டார் வெளியூர் சென்ற நண்பகலொன்றில் ஒரு மணிநேரத்திற்குள்ளும் இது நேர்ந்துவிடலாம். ஆகவே கொட்டிலிற் குளிர்ந்த சுவரினும் காற்றோட்டமே முதன்மையானது.

குளிர்நாடுகளின் வழக்கத்தையொட்டிச் செய்த மரப்பலகைக் குடில்கள் நம்மூர்க் கடைகளிலும் வந்துள்ளன. கூரை கூம்பி, வாயில் சிறுத்து, பார்வைக்கு மிக அழகாயிருக்கும். அவற்றின் நோக்கம் யாதெனில், நாயின் உடற்சூடு வெளியே போகாதபடி உள்ளேயே சேர்த்து வைத்தலாம். பனி பெய்யும் தேசத்திற்கு அது தகும். நமக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறானது. பலகைகளின் இடுக்குகள் உண்ணிகளுக்கு உறைவிடமாவது அதனினும் தீது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இனி, இடம். இதிலும் மேனாட்டு நூல்களைக் கண்மூடிப் பின்பற்றலாகாது. அங்கே வீட்டின் வடபுறம் பகலில் எக்காலமும் நிழலுடையதாகக் கொள்ளப்படும். மதுரையோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் உள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேரே நிற்கின்றான். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்கு வடக்கே சாய்ந்தே செல்கின்றான். ஆகவே அக்கினிநட்சத்திரக் காலத்தில் வடசுவரை நம்பி வைத்த கொட்டில் ஏமாற்றமே தரும். வீட்டின் கிழக்குப்புறமே நன்று. இளவெயில் அங்கே விழுந்து ஈரத்தைப் போக்கும்; பிற்பகலின் கொடுவெயிலை வீட்டுச் சுவரே தாங்கிக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும் மழைச்சாரலுக்காக மட்டும் கூரையின் இறவாரத்தை இரண்டடி நீட்டிவிடல் வேண்டும். அருகில் வேம்போ புங்கையோ நிற்குமாயின் அதனினும் சிறந்த கூரையில்லை. புங்கநிழலின் குளிர்ச்சியை நம் முதியோர் அனைவரும் புகழ்வர். மொட்டைமாடி எக்காலத்தும் ஆகாது. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் நள்ளிரவு வரை அதனை உமிழ்ந்துகொண்டேயிருக்கும்.

கூரைக்குத் தகரத்தைக் கருதவே வேண்டா. தென்னங்கீற்றும் பனையோலையும் குளிர்ச்சி மிக்கவை, விலையும் குறைவு. ஆயினும் தீப்பற்றும் அச்சமும், எலியும் உண்ணியும் ஒளிந்துகொள்ளும் குறையும் அவற்றிற்கு உண்டு. எனது கருத்தில் ஓட்டுக்கூரையே நடுநிலையானது. அதன்மேற் கோடைமூன்று மாதமும் கீற்றைப் பரப்பி, மழைக்குமுன் எடுத்துவிடலாம். சுவரும் கூரையும் சேருமிடத்தில் ஒரு சாண் அளவு திறப்பு விட்டுக் கம்பிவலை அடித்தால் சூடான காற்று மேலே எழுந்து வெளியேறும். இராஜபாளையம் நாய் போன்ற பெரிய உருவத்திற்கு 6 அடி நீளம், 4 அடி அகலம், ஒருவர் குனிந்து புகுந்து கழுவத்தக்க உயரம் என்று கொண்டால் இடர்ப்பாடின்றியிருக்கும். செங்கற்சுவருக்கு வழவழப்பான பூச்சு வேண்டும். திருமங்கலம், விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் கட்டுவோர் அடித்தளத்தை ஆழமாக இடுதல் அவசியம். அம்மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்குமாதலால் மேலோட்டமான சுவர் ஓராண்டிற்குள் கீறல் விடும். தரைக்குச் சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சும், 4 அடிக்கு ஓர் அங்குலம் வீதம் சரிவும் இருந்தாற் கழுவிய நீர் தேங்காது. கடப்பைக்கல் வெயில் படுமிடத்தில் பாதத்தைச் சுடும். படுப்பதற்கு அரையடி உயரமுள்ள, தூக்கி வெயிலில் வைக்கத்தக்க ஒரு பலகைமேடை போதும்.

உலாவிடத்தின் அளவு நாயின் இனத்தைப் பொறுத்தது. நம் பக்கத்துப் பழம்பெரும் இனங்களை இங்கே நினைவுகூர்தல் தகும். சாத்தூர்ப் பக்கத்துச் சிப்பிப்பாறையின் பெயர்பெற்ற நாயும், கன்னியும், முயலைத் துரத்துதற்கென்றே வாய்த்த மெல்லிய நெடிய உடலின. தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் கட்டுறுதி மிக்க காவல் நாய். இராஜபாளையத்து வெண்ணாயின் உருவம் 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்தலையிலும் வெளிவந்தது. இவையெல்லாம் இந்த வெயிலிற் பிறந்து பழகியவை என்பது உண்மை. எனினும் அவை வெயிலைத் தாங்கியது நிழலுக்கு ஓடும் கால்கள் கட்டின்றி இருந்தமையாலுமாம். இராஜபாளையம் நாயின் மூக்கும் தோலும் இளஞ்சிவப்பு நிறமானவை; நேர்வெயிலில் அவை எளிதிற் கருகும். குளிர்நீரில் நீந்தப் பழகிய லாப்ரடார், சைபீரியாவின் பனியிற் சறுக்குவண்டி இழுத்த ஹஸ்கி, மூக்குக் குறுகியதால் இயல்பாகவே மூச்சுவிடத் திணறும் பக் ஆகியவற்றைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? அவ்வினங்களைக் கோடைப்பகலில் எத்துணைச் சிறந்த கொட்டிலிலும் வையாது வீட்டினுள் வைத்தலே அறம். வாங்காதிருத்தல் அதனினும் அறம் என்பது என் துணிபு.

நாய் நேரே சில எட்டு ஓடித் திரும்பும்படி, 8 அடி அகலமும் 20 அடி நீளமுமாவது உலாவிடத்திற்கு வேண்டும். சதுரமான இடத்தினும் நீண்ட இடமே நாய்க்கு உவப்பானது. சிப்பிப்பாறையும் கன்னியும் தாவுவதில் வல்லவையாதலால் வேலி 6 அடிக்குக் குறையலாகாது. தோண்டித் தப்பும் நாய்களுக்காகக் கம்பிவலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கல் வேண்டும். வேலியின் கீழ் இரண்டடியைச் சிறுகண் வலையால் அடைத்தல் பலவகையிற் பயன் தரும். வயலோர வீடுகளில் கண்ணாடிவிரியனும் நல்லபாம்பும் நுழைவது குறையும்; தெருநாய்கள் மூக்கை நீட்டி நம் நாயைக் கடிப்பதும் தடைப்படும். வெறிநோய் கடியினால் உமிழ்நீர்வழிப் பரவுவது என்பதை மறத்தலாகாது. வேலி எத்துணை உறுதியாயினும் தடுப்பூசியைக் காலந்தவறாது போடுதல் வேண்டும்.

தெருவை நோக்கிய பக்கத்திற் கம்பிவேலி இடுவது பலர் செய்யும் பிழை. போவார் வருவார் ஒவ்வொருவரையும் கண்டு குரைத்துக் குரைத்து நாய் சினமுள்ளதாகிவிடும், அண்டைவீட்டாரும் பகைவராவர். அப்பக்கத்திற்குச் சுவரும், வீட்டின் பின்கட்டு வாசலை நோக்கிய பக்கத்திற்கு வலையும் அமைத்தால், நாய் தன் மக்களைப் பார்த்துக்கொண்டு அமைதியாகக் கிடக்கும்.

உண்ணியைப்பற்றிச் சொல்வதாக வாக்களித்தேன். நாயுண்ணி தன் வாழ்நாளில் மும்முறை நாயின்மேல் ஏறி இரத்தம் குடித்து மும்முறையும் இறங்கிவிடுகின்றது. இறங்கிய பெண்ணுண்ணி சுவரில் மேல்நோக்கி ஏறி, இடுக்கொன்றில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டு மடியும். ஆகவே நாயை மாத்திரம் குளிப்பாட்டிப் பயனில்லை. நோய் வாழ்வது சுவரில். இடுக்குகளையெல்லாம் பூசியடைத்து, அடிக்கடி சுண்ணாம்பு அடித்தல் இன்றியமையாதது. உண்ணியாற் பரவும் காய்ச்சல் நாயின் இரத்தத்தையே கெடுத்துக் கொல்லவல்லது. மண்தரையுள்ள உலாவிடத்தில் மலத்தை நாள்தோறும் அகற்றாவிடிற் கொக்கிப்புழு ஈரமண்ணிற் பெருகும். வெறுங்காலுடன் விளையாடும் குழந்தைகளின் தோலிலும் அது புகும். உணவின் மிச்சத்தை இரவில் விட்டுவைத்தால் எலி வரும்; எலியின் சிறுநீர்வழி வரும் நோய் நாயையும் மனிதரையும் ஒருங்கே பற்றும். தண்ணீருக்குப் பாதி புதைத்த மண்தொட்டி நன்று. ஆயின் நீரை மாற்றினால் மட்டும் போதாது, தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவல் வேண்டும். டெங்குக் கொசுவின் முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இத்தனையும் செய்துவிட்டோம், இனி நாய் தானே வாழும் என்று இருந்துவிடுவோர்க்கு ஒன்று கூறுவேன். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், நெடுநேரம் குறுகிய சங்கிலியாலோ கனத்த சங்கிலியாலோ விலங்கைக் கட்டிவைப்பதைக் குற்றமென்கின்றது. போதிய உணவும் நீரும் தங்குமிடமும் அளியாமையைக் குற்றமென்கின்றது. அவ்வளவில் நில்லாது, வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயைத் தக்கவாறு உலவவிடாத உரிமையாளரையும் குற்றவாளியென்கின்றது. நாய்க்கு நடை வேண்டும் என்பது இந்நாட்டிற் சட்டத்தாலேயே கூறப்பட்டுள்ளது என்பதைப் பலர் அறியார். எனவே கொட்டிலும் உலாவிடமும் காலை மாலை நடைக்கு ஈடாகா. தார்ச்சாலை சுடுமுன், விடியற்பொழுதிலேயே அழைத்துச் செல்லல் நன்று. தீபாவளி வெடிக்கும் இரவிலும், சித்திரைத் திருவிழாவின் வேட்டும் முழக்கமும் தெருவை நிறைக்கும் நாட்களிலும் நாயை வீட்டினுள் ஓர் அறையில் வைத்து ஒருவர் உடனிருத்தல் வேண்டும். அஞ்சிய நாய்க்கு ஆறடி வேலி ஒரு பொருட்டன்று.

பணம் கொடுத்துக் கூண்டையோ கொட்டிலையோ வாங்கும் முன் எளிய சோதனையொன்று செய்து பார்க்கலாம். கோடையில் ஒருநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, அதனை வைக்கப்போகும் இடத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்திருங்கள். உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பத்து எண்ணும்வரை எடுக்காதிருக்க முடிகின்றதா என்று பாருங்கள். நிழல் எப்பக்கம் நகர்கின்றது, காற்று எவ்வழி வருகின்றது என்பன அப்பொழுது தெரிந்துவிடும். பின்னொருநாள் எவ்வளவு காத்தும் நாய் வெயிலில் மயங்கி விழுமாயின், உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிற்றிலும் தொடையிடுக்கிலும் கிணற்றுநீரைத் தாராளமாக ஊற்றி விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். நினைவிழந்த நாயின் வாயில் நீரைப் புகட்டலாகாது. அது மூச்சுக்குழலிற் சென்றுவிடும்.