சட்டமும் ஊர்க்கட்டுப்பாடும்

நுழையும்முன்

காட்டுயிர்களைக் காக்க நாட்டில் சட்டம் உண்டு. அச்சட்டம் செல்லும் நிலத்திலேயே, ஊரார் தமக்கென வகுத்துக்கொண்ட கட்டுப்பாடுகளும் உண்டு. இவ்விரண்டும் எங்கே விலகி நிற்கின்றன, எங்கே கைகோக்கின்றன என்பதை நம் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தொடங்கி, நாகாலாந்தின் மலைகள்வரை சென்று அறிவோம்.

வெடியில்லாத் தீபாவளி

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியுள்ளது கொள்ளுக்குடிப்பட்டி. அவ்வூரில் தீபாவளியன்று வெடியோசை கேட்பதில்லை. கண்மாய் மரங்களில் கூடுகட்டியிருக்கும் பறவைகள் மிரண்டுவிடும் என்பதால், ஊரார் பல்லாண்டுகளாகப் பட்டாசைத் தவிர்த்து வருகின்றனர். பறவைகளைக் கொல்லக் கூடாது என்பது அரசின் சட்டம். தம் வீட்டு வாசலிலும் வெடி வெடிப்பதில்லை என்பது ஊராரின் உறுதி. சட்டம் தொடாத இடத்தையும் ஊர்க்கட்டுப்பாடு தொடும் என்பதற்கு இஃதொரு சான்று.

சட்டம் வந்த வழி

இந்தியாவில் வேட்டையை முறைப்படுத்த 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் அச்சட்டம் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிம முறையை நீக்கியது. இதற்கிடையே, மாநிலப் பட்டியலில் இருந்த காடும் காட்டுயிர்ப் பாதுகாப்பும் 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டன. எனவே, இப்பொருளில் நடுவண் அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றலாம்.

'வேட்டை' என்னும் சொல்லுக்கு இச்சட்டம் விரிந்த பொருள் தருகிறது. சுட்டுக் கொல்வது மட்டுமன்று. கண்ணி வைப்பதும், வலை விரிப்பதும், நஞ்சிடுவதும், கூட்டையும் முட்டையையும் சிதைப்பதும் வேட்டையே. வேட்டை நிகழ்ந்த நிலம் அரசுடையதா, தனியாருடையதா என்றும் சட்டம் வேறுபடுத்துவதில்லை. ஆயினும், சட்டத்தை நடைமுறைப்படுத்தச் செல்லும் வனக்காவலருக்கு நிலம் யாருடையது என்பது பெரிய வினாவாகிவிடுகிறது. அவ்வினா கூர்மையாக எழும் மாநிலம் நாகாலாந்து.

நிலம் ஊருடையது

1963ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அம்மாநிலத்திற்கென அரசமைப்பில் 371அ பிரிவு சேர்க்கப்பட்டது. நாகர்களின் சமய, சமூக வழக்கங்கள், மரபுச் சட்டம், நிலத்தின்மீதும் அதன் வளங்களின்மீதும் உள்ள உடைமை ஆகியவை பற்றி நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்கள், மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றினாலன்றி அங்குச் செல்லா என்பது அப்பிரிவின் சாரம். அங்குக் காடுகளின் பெரும்பகுதி அரசுக்கு உரியதன்று. ஊருக்கும் குலத்திற்கும் குடும்பங்களுக்கும் உரியது. ஊரை ஆள்வது ஊர்மன்றம். தலைமுறை தலைமுறையாக வேட்டை அம்மக்களின் உணவோடும் விழாவோடும் பெருமையோடும் பிணைந்திருந்தது. அத்தகைய நிலத்தில் வெளியிலிருந்து வரும் தடை, காகிதத்திலேயே நின்றுவிடக்கூடும்.

தோயாங் நீர்த்தேக்கக் கரையில்

அமூர் வல்லூறு ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள சிறு பறவை. கிழக்காசியாவில் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குச் செல்லும். வழியில், அக்டோபர், நவம்பர் மாதங்களில், நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்திலுள்ள தோயாங் நீர்த்தேக்கக் கரையில் பெருந்திரளாகத் தங்கி இரையுண்ணும். அதன்பின் இளைப்பாற இடமில்லாத அரபிக்கடலைக் கடக்கும்.

2012ஆம் ஆண்டு, அவை தங்கும் மரங்களினிடையே வலைகள் கட்டிப் பல்லாயிரக்கணக்கில் பிடித்து விற்ற செய்தி உலகை அதிரவைத்தது. சட்டத்தின் தடை அப்போதும் இருந்தது. ஆனால், அது வலையைத் தடுக்கவில்லை. அடுத்த ஆண்டுக்குள் நிலைமை மாறியது. அரசும், தேவாலயங்களும், காட்டுயிர் ஆர்வலர்களும் மக்களோடு பேசினர். பாங்தி முதலிய ஊர்களின் மன்றங்கள் தாமே கூடி வேட்டையை விலக்கின. மீறுவோருக்குத் தண்டம் விதித்தன. 2013ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்தப் பெருவேட்டை நிகழவில்லை. அவ்வாண்டு, செயற்கைக்கோள் வழிப் பயணத்தைக் கண்டறியக் கருவி பொருத்தப்பட்ட மூன்று வல்லூறுகளுக்கு நாகா, வோக்கா, பாங்தி எனப் பெயரிடப்பட்டது. நேற்றுவரை வலை விரித்த ஊரின் பெயரையே ஒரு பறவை சுமந்து பறந்தது.

இம்மாற்றம் விலையின்றி வரவில்லை. அப்பறவைகளை விற்றே அப்பருவத்தில் பள்ளிக் கட்டணமும் வீட்டுச் செலவும் கண்ட குடும்பங்கள் இருந்தன. உலகம் பாராட்டிய செயலுக்கு இழப்பைத் தாங்கியவர்கள் அவர்களே. மாற்று வாழ்வாதாரம் தராமல், "வேட்டையாடாதீர்" என்று மட்டும் சொல்வது அறமாகாது.

இரண்டும் சேரும் இடம்

கோகிமாவிற்கு அருகிலுள்ள கொனோமா, அங்காமி நாகர்களின் ஊர். டிராகோபான் என்னும் அரிய காட்டுப்பறவையைக் காக்க, 1998ஆம் ஆண்டு அவ்வூரார் தம் காட்டிலேயே சரணாலயம் அமைத்து வேட்டையை விலக்கினர். அரசு ஆணைக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

இத்தகைய முயற்சிகளுக்குச் சட்டமும் பின்னர் வழி திறந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் 'சமுதாயக் காப்பகம்' என்னும் புதுவகையை ஏற்படுத்தியது. ஊராரோ தனியாரோ தாமாக முன்வந்து காக்கும் நிலத்தை மாநில அரசு அவ்வாறு அறிவிக்கலாம். நிலத்தின் உடைமை மாறுவதில்லை. ஊராரின் பிரதிநிதிகள் கொண்ட குழு அதனைப் பேணும். அறிவித்தபின், குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இன்றி நிலப்பயன்பாட்டை மாற்ற இயலாது. தம் பிடி தளர்ந்துவிடுமோ என ஊரார் தயங்குவதற்கும் இதுவே காரணமாகலாம். அத்தயக்கத்தை மதித்துப் பேசித் தெளிவிப்பது அரசின் கடமை.

சட்டம் விலக்கியதை ஊர்க்கட்டுப்பாடு அனுமதிக்க இயலாது; சட்டம் விலக்காததையும் ஊர் தனக்குத்தானே விலக்கிக்கொள்ளலாம். வெளியூர் வணிகனைத் தடுக்க ஊருக்குச் சட்டத்தின் கை வேண்டும். அடர்காட்டின் உள்ளே நிகழ்வதை அறியச் சட்டத்திற்கு ஊரின் கண் வேண்டும். கண்ணும் கையும் ஓருடலாய் இயங்கும் நிலத்தில்தான், நெடுந்தொலைவு பறந்துவந்த பறவை அச்சமின்றி ஓரிரவு கண்ணயரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நீர்நிலை, மரம், பறவை ஆகியவற்றைக் காக்கப் பெரியோர் வகுத்த கட்டுப்பாடுகளைக் கேட்டறிந்து தொகுக்க.

2. 'வேட்டையைக் கைவிட்ட குடும்பங்களுக்கு ஈடுசெய்வது யார் கடமை?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.