துணிக்கு டிசி உண்டு, குரலுக்கு?

டையிங்குக்குப் போகும் ஒரு ரோல் துணிகூட டெலிவரி சலான் (டிசி) இல்லாமல் திருப்பூர் வீரபாண்டியைத் தாண்டாது. பனியன் விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பவரோ ஒரு துண்டுச்சீட்டும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் குரலை அனுப்பிவிட்டு, பிறகு ஏஐ வயிற்றில் அடித்துவிட்டது என்று புலம்புகிறார். எல்லார் வயிற்றிலும் அது ஒரே மாதிரி அடிக்கவில்லை. கல்யாண வீடியோக்காரர் முகூர்த்தத்துக்கு நேரில் நின்றே ஆகவேண்டும். எடிட்டருக்கு வேலை குறையும். கேட்டலாக் மாடலுக்கும் குரல் கலைஞருக்கும் நிலைமை இன்னும் மோசம். ஒருமுறை கொடுத்த முகமும் குரலுமே அடுத்தமுறை அவர்களுக்குப் பதிலாக வந்து நிற்கும். 2025இல் 30 மாடல்களுக்கு டிஜிட்டல் நகல் உருவாக்குவதாக அறிவித்த ஆடை நிறுவனம் எச் அண்ட் எம், நகலின் உரிமை மாடலிடமே இருக்கும், பயன்படுத்தினால் பணம் உண்டு என்றது. இங்கே அப்படிக் கேட்கக்கூட ஆளில்லை.

தனுஷ் நடித்த ‘அம்பிகாபதி’ படத்தின் முடிவை ஏஐ கொண்டு மாற்றி 2025 ஆகஸ்டில் வெளியிட்டபோது அவர் எதிர்த்தும் ஒன்றும் நடக்கவில்லையே, நாம் எழுதி வாங்கும் தாள் என்ன செய்யும் என்பார்கள். படத்தின் உரிமை தயாரிப்பு நிறுவனத்திடம் இருந்ததால்தான் அப்படி நடந்தது. எழுத்து ஏன் வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி. ‘லால் சலாம்’ பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைக் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்தே பயன்படுத்தியதாக ஏ.ஆர். ரகுமான் சொன்னார். கேட்டுச் செய்ய முடியும்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச்சொன்ன போட்டோவுக்கும் வீடியோவுக்கும், மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச்சொன்னவரே முதல் உரிமையாளர். ‘கேமரா என்னுடையது’ என்ற வாதம் செல்லாது. 19ஆம் பிரிவுப்படி உரிமையை எழுதிக் கையெழுத்திட்டே மாற்ற முடியும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிக்காவிட்டால் இந்தியா. நடிப்பவருக்கும் குரல் கொடுப்பவருக்கும் இது 39ஏ பிரிவு வழியாகப் பொருந்தும். ஆகவே கொட்டேஷனிலேயே எழுதுங்கள்: எந்த விளம்பரம், எத்தனை மாதம், எந்த நாடு, ஏஐ பயிற்சிக்கோ நகலெடுக்கவோ அனுமதி இல்லை. ‘சகல உரிமையும்’ என்று அச்சடித்த தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் வீண்; பையர் கேட்கும் சான்றிதழ்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகிய முதலாளிக்கு இந்த ஒரு வரி பாரமில்லை. மறுபடியும் சொல்கிறேன், படிக்காமல் போடாதீர்கள்.

எழுதியதை யாராவது மீறினால், ‘நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று தட்டிக்கழிக்கும் அதிகாரியிடம் நாள் கடத்த வேண்டாம். 62ஆம் பிரிவுப்படி, எதிராளி எந்த ஊராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். மூலக் கோப்பு, லிங்க், தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், பில், கையெழுத்திட்ட கொட்டேஷன் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள்.